மங்கில் விழுந்த ஒரு சொட்டு: அமோனியாவின் கதை



பீடோங் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு வாடையை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பால் ஸ்டோர் பக்கம் போனாலே அது மூக்கைத் துளைக்கும், கண்ணில் நீர் வரவழைக்கும். சின்ன வயதில் நாங்கள் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுவோம். "அது அமோனியாடா, கிட்டே போகாதே" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். ஏன் என்று கேட்டால், "கண்ணு போயிடும்" என்பார்கள். அவ்வளவுதான் பதில். அந்தப் பதிலைச் சற்று விரித்துச் சொல்லவே இந்தக் கட்டுரை.

பெயர் வந்த விதம்

எகிப்து நாட்டின் மேற்குப் பாலைவனத்தில், சிவா என்னும் பசுஞ்சோலையில், அம்மோன் என்ற தெய்வத்திற்குப் பழங்காலத்தில் ஒரு கோயில் இருந்தது. அந்தப் பக்கத்தில் கிடைத்த ஓர் உப்புக்கு அந்தத் தெய்வத்தின் பெயரே நிலைத்தது. அதிலிருந்து பிறந்த சொல்தான் அமோனியா. இந்த உப்பு நமக்கும் அந்நியமானது அல்ல. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் சூடான பாத்திரத்தில் ஒரு வெள்ளைத் தூளைத் தேய்ப்பார், உடனே புகை கிளம்பும். அந்த நவச்சாரம்தான் இது. 1774ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி அமோனியா வாயுவைத் தனியே பிரித்தார். அது நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தது என்பதை 1785இல் பிரான்சின் பெர்த்தொலே கண்டறிந்தார்.

ரப்பர் பாலுக்கு ஏன் அமோனியா?

விடிவதற்கு முன் பெரட்டுக்குப் போய், நிரையில் இறங்கி மரம் வெட்டுகிறோம். மங்கில் சொட்டும் பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர். நம் கண்ணுக்குத் தெரியாத ரப்பர் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு அந்த நீரில் மிதக்கின்றன. நேரம் ஆக ஆக, பாலில் கிருமிகள் பெருகிப் புளிப்பை உண்டாக்கும். புளிப்பு ஏறினால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். பால் திரிந்து கட்டிப்பால் ஆகிவிடும். கட்டிப்பாலுக்கு விலை குறைவு. பாடுபட்டவன் கைக்கு வருவதும் குறையும்.

அமோனியா ஒரு காரம். அது புளிப்பை அடக்கும், கிருமிகளையும் ஒடுக்கும். அதனால்தான் வெயில் கடுமையான நாளிலும், மரங்களில் பால் சீக்கிரம் கட்டும்போதும், மங்கில் ஓரிரு சொட்டு விட்டார்கள். தொழிற்சாலையில் இதற்கு நேர் எதிரான வேலை நடக்கும். அங்கே பாலை உறைய வைத்துச் சீட் ரப்பர் போடுவதற்கு ஆசிட் ஊற்றுவார்கள். ஒன்று உறைய விடாது, மற்றது உறைய வைக்கும்.

ரப்பர் பாலைக் கெடாமல் காக்க அமோனியாவைப் பயன்படுத்தும் யோசனை 1853ஆம் ஆண்டிலேயே பதிவாகிவிட்டது. இங்கிலாந்துக்காரர் வில்லியம் விக்கம் அல்ல, ஹென்றி விக்கம்தான், பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளைக் கொண்டுபோனது 1876இல். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அதாவது, நம் மண்ணில் முதல் ரப்பர் மரம் வேர் விடுவதற்கு முன்பே அதன் பாலுக்கு மருந்து தயாராக இருந்தது! 1920களுக்குப் பிறகு, பாலை இயந்திரத்தில் சுழற்றி, ரப்பர் அளவை 60 விழுக்காடாக்கி, அமோனியா கலந்து, பாலாகவே கப்பலில் அனுப்பும் தொழில் வளர்ந்தது. டாக்டர் போடும் கையுறையும் குழந்தை ஊதும் பலூனும் அந்தப் பாலிலிருந்துதான் வருகின்றன.

காற்றிலிருந்து உரம்

அமோனியாவின் பெரிய வேலை வயலில் இருக்கிறது. 1909இல் ஜெர்மனியின் பிரிட்ஸ் ஹேபர், காற்றிலுள்ள நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அமோனியா செய்து காட்டினார். கார்ல் போஷ் அதைப் பெருந்தொழிலாக்கினார். 1913இல் ஓப்பாவ் ஆலை இயங்கத் தொடங்கியது. யூரியாவும் சல்பேட் உரமும் இந்த வழியில்தான் பிறக்கின்றன. 1970இல் மூடா நீர்ப்பாசனத் திட்டம் வந்தபின் நமது கெடா மாநிலத்தில் இருபோகம் நெல் விளைகிறதென்றால், தண்ணீரோடு உரத்துக்கும் அதில் பங்கு உண்டு. இன்று நமக்கு வடக்கே, ஜெராய் மலைக்கு அந்தப் பக்கம், குரூணிலேயே அமோனியாவும் யூரியாவும் செய்யும் ஆலை இருக்கிறது.

ஆனால் அதே அமோனியா முதல் உலகப் போரில் வெடிமருந்துக்கும் மூலப்பொருளானது. 1921 செப்டம்பர் 21ஆம் நாள் ஓப்பாவ் ஆலையில் உரக் குவியல் வெடித்து 500 பேருக்கு மேல் மாண்டனர். சோறு போடும் கையே அடிக்கவும் செய்யும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அதன் குணமும் ஆபத்தும்

அமோனியாவுக்கு நிறமில்லை. காற்றைவிட இலேசானது. தண்ணீரைக் கண்டால் விடாது: ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவைக் குடித்துவிடும். இதுதான் ஆபத்துக்குக் காரணம். நம் கண்ணிலும் மூக்கிலும் தொண்டையிலும் ஈரம் இருக்கிறதல்லவா? அமோனியா அங்கேதான் போய்க் கரைந்து சுடும். 2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவில், சென்னைக்கு வடக்கே எண்ணூரில், கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

எங்கள் லயத்தில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா, மறுநாள் வேலைக்காக அமோனியாவை ஆரஞ்சு போத்தலில் ஊற்றி அடுப்படியில் வைத்திருந்தார். அவருடைய நாலு வயதுப் பையன் கலர் தண்ணீர் என்று நினைத்துத் திறந்தான். முகத்தில் தெறித்துவிட்டது. அலறல் கேட்டு எல்லாரும் ஓடி வந்தோம். ஒருவர் எண்ணெய் விடு என்றார், இன்னொருவர் புளித்தண்ணி விடு என்றார். பாட்டி யார் பேச்சையும் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கித் தண்ணித் தொட்டியடியில் படுக்க வைத்து, குவளை குவளையாக ஊற்றிக்கொண்டே இருந்தார். "இந்தத் தண்ணிதான் கண்ணைக் காப்பாத்துச்சு" என்று டிரெசர் பிறகு சொன்னார். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

ஆகவே, இவற்றை மனத்தில் வையுங்கள்:

அமோனியாவைக் குடிக்கும் போத்தலில் ஒருநாளும் ஊற்றாதீர்கள். கண்ணில் பட்டால் தேய்க்காமல், குறைந்தது கால் மணி நேரம் சுத்தமான தண்ணீரால் கழுவி, பிறகு மருத்துவமனைக்குப் போங்கள். வாயு கசிந்தால் காற்று வரும் திசைக்குக் குறுக்கே விலகி, காற்று வரும் பக்கமாக ஏறிப் போங்கள். வீடு கழுவும் குளோராக்ஸோடு அமோனியாவைக் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

இன்று நம் வட்டாரத்தில் பல ரப்பர் காடுகள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் வழிவிட்டுவிட்டன. பால் ஸ்டோர் வாடையை அறியாத பிள்ளைகள் வளர்கிறார்கள். மாணவர்களே, அந்த வாடையில்தான் உங்கள் தாத்தா பாட்டி நாற்பது வருஷம் மூச்சு விட்டார்கள். பரிசு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதும் அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் கையால் செய்ததற்கு, வகுப்பறையில் நீங்கள் காரணம் படிக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் நம் வரலாறு முழுமையாகும்.