சீட்டிலிருந்து காயத்துக்கு

அவசர மருத்துவப் பயிற்சியில் ஒப்பனையால் போலிக் காயங்களை உருவாக்கும் முறைக்கு 'மூலாஜ்' என்று பெயர். அச்சில் வார்த்தெடுத்தலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் இது. இச்சொல்லின் பொருள் மாறிய கதை, மருத்துவம் கற்பிக்கப்பட்ட முறை மாறிய கதையும் ஆகும்.

19ஆம் நூற்றாண்டில் மூலாஜ் என்பது, நோயாளியின் உடலிலிருந்தே அச்செடுத்து, மெழுகில் வார்த்து, வண்ணம் தீட்டிய உருவம். காகிதக் கூழில் பழங்கள் செய்துவந்த ஜூல் பரேத்தா, 1860களில் பாரிஸின் சேன் லூயி மருத்துவமனையில் இப்பணியை ஏற்றார். அங்குள்ள அருங்காட்சியகத்தில் இன்று 4,800க்கும் மேற்பட்ட மெழுகு வார்ப்புகள் உள்ளன. வண்ண ஒளிப்படம் பரவாத காலத்தில் தோல்நோய்களை இனங்காணக் கண்களைப் பழக்கியவை இவை. ஆயினும் மெழுகு காத்திருக்கும். எத்தனை நாள் வேண்டுமானாலும் அதைப் பார்த்துப் படிக்கலாம். விபத்தில் அடிபட்டவர் காத்திருக்க இயலாது.

இவ்வேறுபாட்டை இரண்டாம் உலகப் போர் கூர்மையாக உணர்த்தியது. பிரிட்டனின் குடிமைப் பாதுகாப்பு ஒத்திகைகளில் காயமுற்றவராகப் படுத்திருப்பவர் மீது, காயத்தின் பெயரை எழுதிய சீட்டு கட்டப்படும். பயிற்சியாளர் சீட்டைப் படித்துக் கட்டுப் போடுவார். கட்டுப் போடும் திறன் இதனால் வளர்ந்தது. காயத்தைக் கண்டறியும் திறன் வளரவில்லை. இடிபாடுகளுக்கிடையே கிடப்பவரின் உடலில் குறிகள் உண்டு. அவற்றுக்குரிய சொற்களை மீட்பவரே தேடியாக வேண்டும்.

1942இல் எரிக் கிளாக்ஸ்டன் முன்னின்று தோற்றுவித்த 'கேஷுவல்டீஸ் யூனியன்' இக்குறையை நீக்க முயன்றது. அதன் தன்னார்வலர்கள் காயங்களை ஒப்பனையால் காட்டியதோடு, அக்காயம் பட்டவரைப் போல் நடிக்கவும் பயின்றனர். சுமார் 20 ஆண்டுகளுக்குப் பின், 1963இல், அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ், நோயாளியாக நடிக்கப் பழக்கப்பட்டவரை மருத்துவ மாணவர்களின் கல்விக்குள் கொண்டுவந்தார்.

மூலாஜின் பயனைச் செயற்கைக் குருதியின் அளவால் மதிப்பிடுவது தவறு. வெளிறிய முகப்பூச்சும், நெற்றியில் வியர்வையாய்த் தோன்றும் கிளிசரின் துளிகளும், குறைந்துகொண்டே வரும் பேச்சும் அதிர்ச்சி நிலையை உணர்த்தும். உரக்க அலறுபவருக்கு மூச்சுக்குழாய் திறந்திருக்கிறது. பக்கத்தில் ஓசையின்றிக் கிடப்பவரே மரணத்தின் விளிம்பில் இருக்கலாம். பயிற்சி பெறாதவரின் கால்கள் அலறலை நோக்கியே ஓடும். அந்த ஓட்டத்தைத் திருத்த, அலறுபவரும் அமைதியாய்க் கிடப்பவரும் ஒருசேரக் கண்முன் இருக்கவேண்டும்.

ஒப்பனைக்கும் எல்லை உண்டு. நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அதனால் மாற்ற இயலாது. அவற்றைப் பயிற்றுநர் வாயால்தான் சொல்லவேண்டும். அந்த அளவில் சீட்டு இன்னும் நம்மோடு இருக்கிறது. ஆனால் செலவையும் நேரத்தையும் காரணம் காட்டி முழுப் பயிற்சியையும் சீட்டோடு முடித்துக்கொண்டால், 1942க்கு முந்தைய நிலைக்கே திரும்புகிறோம். மாணவர் நன்றாகப் படிப்பார். ஓசையின்றிக் கிடப்பவர் அவர் கண்ணில் படாமலே போவார்.