அம்மைக்குக் கோயில், அக்கிக்கு வேளார்

பங்குனியில் விருதுநகர் பராசக்தி மாரியம்மனுக்குப் பொங்கல் சாட்டினால், நோயில் நேர்ந்துகொண்டவர்கள் அக்கினிச்சட்டி எடுப்பார்கள். சின்னம்மை அதிகம் பரவுவதும் ஏறக்குறைய இந்த வறண்ட மாதங்களில்தான். சாத்தூருக்குப் பக்கத்தில், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இருக்கன்குடிக்கு ஆடிக் கடைசி வெள்ளியில் திரளும் கூட்டத்திலும் அம்மைக்கும் கண்நோய்க்கும் நேர்ந்தவர்கள் உண்டு.

ஆத்தா இறங்கிய வீட்டில் வாசலில் வேப்பிலை தொங்கும். தாளிப்பு கிடையாது, விருந்தாளி வரக்கூடாது. தீப்பெட்டி ஆபீஸுக்கும் வெடி ஆபீஸுக்கும் போகிறவர்கள், தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை கூலியை விட்டு வீட்டில் இருப்பார்கள். தொற்றைத் தடுப்பதில் இது நல்ல கட்டுப்பாடு. ஆனால் முத்து தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே சின்னம்மை தொற்றத் தொடங்கிவிடுகிறது. அந்த ஓரிரு நாளை வேப்பிலையால் மறிக்க முடியவில்லை.

இந்த முறைகள் உருவான காலத்தில் பெரியம்மைதான் பெரிய பயம். சின்னம்மையும் பெரியம்மையும் வெவ்வேறு நோய் என்று 1767-இல் லண்டனில் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் வில்லியம் ஹெபர்டன். சென்னை மாகாணத்துக்கான அம்மைப்பால், அதாவது பெரியம்மைத் தடுப்பு மருந்து, பிறகு கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து வந்தது. 1975-இல் இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது, 1977-இல் அதற்குச் சான்றும் கிடைத்தது. சின்னம்மை மட்டும் தங்கிவிட்டது. அதன் கிருமி பெரியம்மையின் சொந்தமே இல்லை, ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது.

அக்கி வந்தாலோ மக்கள் கோயிலுக்குப் போகவில்லை, பானை வனையும் வேளாரிடம் போனார்கள். அவர் காவிக்கல்லை நீர்விட்டு இழைத்து, இறகால் தொட்டுக் கொப்புளங்களின் மேல் எழுதுவார். சில ஊர்களில் சிங்க உருவமும் வரைவதுண்டு. ஈரக்காவி எரிச்சலைச் சற்றுக் குளிர்விக்கும். காய்ந்ததும் வெடித்துப் பொடியாக உதிரும். மருந்துக்கடையின் காலமைன் லோஷனுக்கு ரோஜா நிறம் தருவதும் காவியில் உள்ள அதே இரும்பு ஆக்சைடுதான். ஆனால் இரண்டுமே தோலுக்கு மேலே நின்றுவிடுபவை, கிருமி இருப்பதோ நரம்பில்.

இதை உலகம் அறியவே நாளானது. அக்கி கண்டவர் இருக்கும் வீட்டில் குழந்தைகளுக்குச் சின்னம்மை வருவதை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புடாபெஸ்டில் யானோஷ் போகாய் கவனித்தார். 1900-இல் ஹென்றி ஹெட்டும் காம்ப்பெல்லும் 21 பிரேதப் பரிசோதனைகளை ஆராய்ந்து, முதுகுத் தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் அக்கி விட்ட காயத்தைக் காட்டினார்கள். உடலை ஒரு பக்கமாக மட்டும் பட்டையாக அது வளைப்பதன் காரணம் அப்போது புரிந்தது. 1950-களில் தாமஸ் வெல்லர் ஆய்வகத்தில் கிருமியை வளர்த்து, இரண்டு நோய்க்கும் அது ஒன்றே என்று நிறுவினார்.

கடைசி முடிச்சை அவிழ்த்தவர் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரின் குடும்ப டாக்டர் எட்கர் ஹோப்-சிம்சன். தன்னிடம் 16 ஆண்டுகளில் வந்த 192 அக்கி நோயாளிகளை வைத்து அவர் 1965-இல் எழுதினார்: சின்னம்மை ஆறிய பின்னும் கிருமி நரம்பில் ஒளிந்திருக்கிறது, எதிர்ப்புச் சக்தி தளரும்போது அக்கியாக வெளிவருகிறது. பத்து வயதில் கோயிலில் நேர்த்திக்கடன் முடித்த பிள்ளை, அறுபது வயதில் வேளார் முன் சட்டையைக் கழற்றி உட்கார்ந்ததும் அதே கிருமிக்காகத்தான்.

வேளாரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அவர் எழுதினாலும் எழுதாவிட்டாலும் கொப்புளம் சில வாரங்களில் பெரும்பாலும் ஆறிவிடும், அதனால் அவர்மீது நம்பிக்கையும் வளர்ந்தது. தொல்லை வேறிடத்தில். அசைக்ளோவிர் போன்ற மாத்திரைகளைக் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது. காவி காயக் காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும். தோல் ஆறிய பிறகும் நரம்புவலி மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நிற்கும். மூக்கு நுனியில் கொப்புளம் எழுந்தால் கண்ணுக்கே ஆபத்து, அன்றைக்கே கண் டாக்டரைப் பார்த்தாக வேண்டும். அக்கியைத் தடுக்க 50 வயதைக் கடந்தவர்களுக்கு இப்போது இந்தியாவில் தடுப்பூசி உண்டு; ஆனால் அதைக் கைக்காசு போட்டுத்தான் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.