கருத்தரிப்புக்கு முன் ஃபோலிக் அமிலம்: செவிலியர் அறிவும் பதிவேட்டின் அமைப்பும்

ஃபோலிக் அமிலம் யாருக்குரியது என்று கேட்டால், கர்ப்பிணிக்கு என்ற விடை நம் கிராம சுகாதாரச் செவிலியரிடமிருந்து தயக்கமின்றி வரும். அவ்விடை பிழையன்று, ஆயினும் அது பாதி ஞானமே. எப்பொழுது தொடங்க வேண்டும் என்ற மறுபாதி விட்டுப்போயிருக்குமாயின், அதற்குக் காரணம் அவருடைய கல்விக் குறைவைவிட, அவர் கையில் நாம் கொடுத்திருக்கும் பதிவேடுகளின் அமைப்பே என்பது என் துணிபு.

சிசுவின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் மூலமான நரம்புக் குழல், கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. கீழ்ப்பாகம் மூடாதொழியின் முதுகெலும்பு பிளந்தவாறே குழந்தை பிறக்கிறது. மாதவிடாய் ஒழுங்காக வரும் பெண்ணுக்கு ‘நாள் தள்ளிப் போயிருக்கிறது’ என்ற எண்ணம் தோன்றும்போதே அந்த நாட்களில் ஏறக்குறையப் பாதி கழிந்துவிடுகிறது. பிறகு அவள் சில நாள் பொறுத்துப் பார்த்து, கணவனிடமும் மாமியாரிடமும் சொல்லி, செவிலியர் வந்து கடைசி மாதவிடாய்த் தேதியைக் கேட்டெழுதிக்கொண்டு மாத்திரை அட்டையை அவள் கையில் வைக்கும்போது, எந்த ஆபத்தைத் தடுக்க அம்மாத்திரை வேண்டப்பட்டதோ அதற்குரிய காலம் பெரும்பாலும் கடந்திருக்கும். 12 வாரத்துக்குள் பதிவு செய்வதையே இலக்காகக் கொண்ட நிர்வாகத்தில், எட்டாம் வாரத்தில் பதிந்த செவிலியர் தம் கடமையைச் செம்மையாகச் செய்தவரே. கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணும் அதே கணக்கின்படி குழலோ ஆறாம் வாரத்தில் மூடிவிட்டது.

ஃபோலிக் அமிலம் இரத்தசோகையின் வழியாகவே நமக்கு அறிமுகமாயிற்று. லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் பம்பாயில் கர்ப்பிணிகளின் ஒருவகைச் சோகையை ஆராய்ந்து, ஈஸ்ட் சாரத்தால் அது குணமாவதை 1931இல் வெளியிட்டார்.  அச்சாரத்திலிருந்த சத்தே ஃபோலிக் அமிலம். பின்னாளில் அது இரும்புச்சத்தோடு ஒரே மாத்திரையில் சேர்ந்தபின், இரத்தம் ஊறுவதற்கான சத்து மாத்திரை என்ற கருத்தே நிலைபெற்றது. ஆனால், முன்பு நரம்புக் குழல் மூடாக் குறையுள்ள சிசுவைச் சுமந்த தாய்மார் கருத்தரிக்கும் முன்பிருந்தே நாள்தோறும் 4 மில்லிகிராம் உட்கொண்டால், குறை மீண்டும் நேர்வதில் 72 சதவிகிதம் தடுக்கப்படுவதை 1991இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிரூபித்தது. முதன்முறை நேர்வதும் தடுக்கத்தக்கதே என்பதை மறு ஆண்டு ஹங்கேரியில் நடந்த சோதனை காட்டிற்று.

2018இல் தொடங்கிய ‘இரத்தசோகையற்ற இந்தியா’ திட்டமும், கருத்தரிப்புக்கு முன்பிருந்தே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் வேண்டும் என்கிறது. அதே திட்டத்தில் கர்ப்பமில்லாத பெண்களுக்கான வாராந்தரச் சிவப்பு மாத்திரையிலோ 500 மைக்ரோகிராமே உண்டு. வாராந்தர மாத்திரைக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 2.8 மில்லிகிராம். வாரமாத்திரை சாப்பிடுகிறவளுக்கு வேறு மாத்திரை எதற்கு என்று ஒரு செவிலியர் எண்ணினால் அவரைக் குறை கூறுவதற்கில்லை.

இவ்வளவுக்கும், மணமான பெண் செவிலியரின் பார்வைக்கு வெளியே இல்லை. தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டில் அவள் பெயரும் வயதும் இருக்கின்றன. அப்பதிவேட்டின் பிரதான நோக்கம் குடும்பக் கட்டுப்பாடாதலின், குழந்தை வேண்டுமென்பவள் அதன் வினாவுக்குப் புறம்பானவளாகிவிடுகிறாள். அவள் அவ்வாறு சொல்லும் அன்றைக்கே அவளுக்கு மாத்திரை கொடுத்து, கொடுத்த தேதியை எழுத அதில் ஒரு கட்டம் சேர்ப்பதும், பயிற்சி வகுப்பில் மருந்தின் பெயரைக் கேட்பதோடு நில்லாது தொடங்கும் நாளைக் கேட்பதும், முன்பு சிசுவுக்கு நரம்புக் குழல் குறை நேர்ந்தவளை அதிக அளவுக்காக மருத்துவரிடம் அனுப்புவதும் உடனே செய்யக்கூடியவை.