இரண்டாவது குண்டு எங்கிருந்து வந்தது?

பிபி துவக்கைப் பார்த்த எவரும் முதலில் கேட்பது, "எவ்வளவு தூரம் போகும்?" என்றுதான். பொறியியல் படித்த ஆட்களுக்கு வேறொரு கேள்வி வரும்: முதல் குண்டு போனபிறகு இரண்டாவது குண்டு எப்படித் தன் இடத்துக்கு வருகிறது? காற்றை அடைத்துத் திறந்துவிடுவது பழைய வித்தை. ஒரு குவியலில் இருந்து ஒன்றே ஒன்றை, ஒவ்வொரு முறையும், பிசகாமல் அனுப்புவதுதான் கடினம்.

நம்பாவிட்டால் கொஞ்சம் போளைகளும் ஒரு புனலும் எடுத்துப் பாருங்கள். போன குளிர்காலம் நானும் என் மருமகனும் கராஜில் இதைத்தான் செய்துகொண்டிருந்தோம். (காற்றும் இல்லை, துவக்கும் இல்லை. வெறும் போளையும் பிளாஸ்ரிக் குழாயும்தான். அக்கா இதை வாசித்தால் பயப்பட வேண்டாம்.) புனலில் கொட்டினால் நாலைந்து போளைகள் உருண்டு வரும். பிறகு வாயருகே மூன்று நான்கு ஒன்றோடொன்று சாய்ந்து ஒரு வளைவு கட்டிவிடும். மேலே உள்ள பாரம் அந்த வளைவை இன்னும் இறுக்கும், தட்டினால்தான் உடையும். அகலமான குழாயில் போட்டால் அவை இடமும் வலமுமாக அடுக்கிச் சுவரோடு இறுகும். போளையைவிடச் சற்றே பெரிய குழாயில், ஒற்றை வரிசையில், சரிவாக விட்டபோதுதான் ஒழுங்காக இறங்கின.

இதே வழியை 1780 அளவிலேயே ஒருவர் ஒரு படைக்கருவியில் வைத்திருந்தார். பார்த்தலோமியோ ஜிரார்டோனி, இன்று வட இத்தாலியில் இருக்கும் கோர்ட்டினா பகுதியைச் சேர்ந்த துவக்குக் கம்மியர். ஒஸ்ரிய இராணுவத்துக்கு அவர் செய்த காற்றுத் துவக்கில், சுடுகுழலை ஒட்டிப் பக்கத்தில் இன்னொரு குழாய் இருந்தது. அதற்குள் ஏறத்தாழ 20 ஈயக் குண்டுகள் ஒற்றை வரிசையில் நிற்கும். பின்பக்கத்தில் குறுக்காக நகரும் ஒரு கட்டை, அதில் ஒரு துளை. துவக்கின் முனையை மேலே தூக்கிக் கட்டையைத் தள்ளினால் துளை குண்டுக் குழாய்க்கு நேரே வரும், ஒரு குண்டு விழும். விட்டால் வில் கட்டையை இழுத்து, குண்டைச் சுடுகுழலுக்கு நேரே கொண்டுவரும். குண்டுகளை இறக்கும் வேலையைப் புவியீர்ப்பு செய்தது. மற்றப் போர்வீரர்கள் ஒவ்வொரு வேட்டுக்கும் மருந்து போட்டு இடித்துக்கொண்டிருந்த காலம் அது.

தொல்லை தந்தது காற்றுத்தான். பின்தண்டாகவே அமைந்த இரும்புக் காற்றுக்கலத்தை நிரப்பக் கைப்பம்பை 1500 தடவை அளவில் அடிக்க வேண்டும். ஒரு சின்னக் கசிவு போதும், எல்லாம் வீண். பிறகு இராணுவம் அதைக் கைவிட்டதற்கு இந்தக் கலங்களும் முக்கிய காரணம்.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். 1803 இல் மெரிவெதர் லூவிஸ், கிளார்க்கோடு சேர்ந்து மேற்கே பசிபிக் வரை போகும் பயணத்துக்காக ஒரு காற்றுத் துவக்கை வாங்கியிருந்தார். பிற்ஸ்பேர்க்கில் இருந்து படகில் புறப்பட்ட அன்றே, கொஞ்சத் தூரத்தில் இருந்த ஒரு தீவில் அதைச் சுட்டுக் காட்டினார். ஏழு வேட்டும் நன்றாகப் போயின. பிறகு பழக்கமில்லாத ஒருவர் கையில் அது தவறுதலாக வெடித்து, ஏறத்தாழ 37 மீற்றர் தள்ளி நின்ற ஒரு பெண்ணின் தொப்பியைத் துளைத்து நெற்றிப்பொட்டைக் கீறியது. இறந்துவிட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். சிறிது நேரத்தில் அவர் கண் விழித்தார். விளையாட்டுச் சாமான் என்று காற்றுத் துவக்கை எடுப்பவர்கள் இந்தப் பெண்ணை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

அந்தத் துவக்கு எது என்பதில் ஆய்வாளர்களுக்குள் நெடுங்காலம் இழுபறி. பிலடெல்பியாவில் ஐசாயா லூக்கன்ஸ் செய்த ஒற்றை வேட்டுத் துவக்காக இருக்கும் என்று பலர் நினைத்தார்கள். அந்த எண்ணத்தை அசைத்தது தோமஸ் ரொட்னி என்ற நீதிபதியின் நாட்குறிப்பு. 1803 செப்டெம்பரில் லூவிஸின் படகைப் பார்க்கப் போன அவர், குண்டுகள் எல்லாம் பக்கத்தில் உள்ள சிறிய குழலில் மொத்தமாகப் போடப்படுவதையும், ஒரு வில்லை நகர்த்த ஒவ்வொன்றாக உள்ளே விழுவதையும் எழுதிவைத்தார். அன்றும் காற்றுக் கசிந்து முதல் வேட்டோடு கலம் காலியானதையும் மறைக்கவில்லை. இவ்வளவும் எழுதிவிட்டு, இதை விவரிப்பது கடினம், அதனால் முயலவில்லை என்றும் முடித்தார்! குண்டு வரும் வழியைக் கவனித்த அந்த ஒருவரால்தான் அது ஜிரார்டோனி வகை என்று இன்று பலர் ஏற்கிறார்கள்.

அடுத்த ஆண்டு ஓகஸ்ட்டில், மிசூரி ஆற்றங்கரையில், ஓட்டோ, மிசூரியா மக்களின் தலைவர்களை லூவிஸ் சந்தித்தார். இனி உங்கள் தந்தை அமெரிக்க ஜனாதிபதிதான் என்று அவர்கள் நிலத்திலேயே நின்று அறிவித்தார். பிறகு காற்றுத் துவக்கைச் சில தடவை சுட்டார். அவர்கள் வியந்தார்கள் என்று கிளார்க் எழுதினார். பயணக்குழுவில் ஐம்பது பேர்கூட இல்லை. இப்படி எத்தனை துவக்குகள் படகில் இருக்கின்றன என்று பார்த்தவர்களுக்குத் தெரிய வழியில்லை. அந்தக் காட்சியின் பலனே அதில்தான் இருந்தது என்பது என் கணிப்பு.

வேட்டைக்காரர்கள் நிறைந்த அந்தக் கூட்டத்திலும் யாராவது பக்கக் குழலைக் கவனித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அவர் திரும்பிப் போய்த் தன் ஆட்களிடம் என்ன சொன்னார் என்பது கிளார்க்கின் குறிப்பில் இல்லை.