வக்கீல் என்னும் சொல்லும் மலைமக்கள் வழக்கும்

நீதிமன்ற வாசலில் நாள்தோறும் புழங்கும் சொற்களுட் பல அரபு மொழியினின்று நம் தமிழுக்கு வந்தவை. வக்கீல், வக்காலத்து, ஜாமீன், முன்சீப் ஆகியன அவற்றுட் சில. ‘வகீல்’ என்பதற்கு, ஒருவர் தம் காரியத்தை நம்பி ஒப்படைக்கும் பொறுப்பாளர் என்று பொருள். பிக்ஹு நூல்களில் ‘வகாலத்’ என்று தனிப் பாடமே உண்டு. ஜாமீன் என்று நாம் சொல்லும் ‘ளாமின்’, பிணை நிற்பவர். குற்றம் சாட்டப்பட்டவன் துணையின்றி நிற்றலாகாது என்னும் கருத்து இச்சொற்களிலேயே பொதிந்து கிடக்கிறது.

ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, மறுதரப்பாரையும் கேளாமல் தீர்ப்புச் சொல்லலாகாது என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். சாட்டிய குற்றம் இன்னதென்றே ஒருவனுக்கு விளங்காதபோது, அவனைக் கேட்டதாக எவ்வாறு கொள்வது?

கள்ளக்குறிச்சிக்கு மேற்கேயுள்ள கல்வராயன் மலையில் இது ஏட்டுக் கேள்வியன்று. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. அரசு அதனை ஏற்ற பின்னரும் வறுமை அகலவில்லை. கூலி வேலையென்று சொல்லி, ஆந்திரத்துச் சேஷாசலக் காடுகளுக்குச் செம்மரம் வெட்ட அழைத்துச் செல்லப்பட்ட மலைமக்கள் பலர். அகப்படுபவன் கூலியாள், தரகன் தப்பிவிடுவான். காகிதங்களோ தெலுங்கில், அவன் அறிந்த மொழியோ தமிழ்.

2013 டிசம்பரில் அக்காட்டில் வனத்துறை அலுவலர் இருவர் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் தமிழகத்தவர் நூற்றுக்கணக்கில் கைதாயினர். 2016-இல் திருப்பதி நீதிமன்றம் 287 பேரைச் சாட்சியம் போதாமையால் விடுவித்தது. இன்னார் இன்னது செய்தாரெனப் பிரித்துக் காட்டாது, கூட்டத்தின்மேற் சுமத்திய குற்றம் நிலைக்கவில்லை. கூலியாட்கள் சிறையிற் கழித்த நாட்கள் மீளவில்லை. உயிரிழந்த அலுவலரின் குடும்பத்தார்க்கும் நீதி கிட்டவில்லை.

சட்டம் இதற்கு வழி சொல்லாமலில்லை. கைதுக்குக் காரணம் அறிவதும், தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலப்பதும், 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்தப்படுவதும் அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு தரும் உரிமைகள். தடுப்புக் காவலுக்கான காரணம் காவலிலிருப்பவர்க்குப் புரியும் மொழியில் இருத்தல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1962-லேயே கூறியது. எக்குற்றத்திற்காகக் கைது செய்யினும், அறிந்த மொழியில் எழுத்து மூலம் காரணம் தரவேண்டும் என 2025 நவம்பரில் அதனை விரித்துரைத்தது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பழங்குடியினர் வருமானக் கணக்கின்றி இலவச வழக்கறிஞரைப் பெறலாம். வழக்கு எவ்வூரில் நடப்பினும் அவ்வூர் ஆணைக்குழுவிடம் கேட்கலாம்.

எனினும், உரிமை உண்டென்று அறியாதவன் அதைக் கேட்பதெங்ஙனம்? படித்துக் காட்டாத காகிதத்தில் கைந்நாட்டு வைக்கலாகாது. காரணத்தையும் வக்கீலையும் கேட்டுப் பெறவேண்டும். இவ்விரண்டையும் மலைமேல் உள்ளோர்க்கு எடுத்துரைப்பது எழுத்தறிந்த நம்மனோர் கடன். அறிவும் ஓர் அமானிதமே. உரியவரிடம் அதனைச் சேர்ப்பிக்க வேண்டும்.