காற்றைக் கேட்டுச் சென்ற கப்பல்கள்



ஆயர் ஈத்தாம் சந்தியில் பஸ்ஸுக்காக நிற்கும்போது நாம் கடலை நினைப்பதில்லை. ஆனால் மேற்கே போகும் சாலை பத்து பகாட் சென்று மலாக்கா நீரிணைப் பக்கம் சேர்கிறது. கிழக்கே குளுவாங் வழியாகப் போகும் சாலை மெர்சிங்கில் தென்சீனக் கடலைத் தொடுகிறது. ஆண்டுக் கடைசியில் பெரட்டு முடிந்தும் நம்மைப் பால்மரம் வெட்டவிடாத மழையும், மெர்சிங் மீனவரைக் கரையிலேயே உட்கார வைக்கும் அலையும் ஒரே காற்றின் வேலை. அதுதான் வடகிழக்குப் பருவக்காற்று.

பாய்மரப் படகு ஓட்டப் பழகுகிறவனுக்கு முதல் பாடமும் காற்றுதான். கயிறும் சுக்கானும் பிறகு. காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது என்று அவன் அறிய வேண்டும். காற்று வரும் திசைக்கு நேராகத் திருப்பினால் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், படகு நின்றுவிடும். அப்படியானால் எதிர்த்திசைக்குப் போவது எப்படி? கேமரன் மலைக்கு லாரி நேராகவா ஏறுகிறது? படகும் அப்படித்தான். காற்றை ஒருமுறை இடப்பக்கமும் ஒருமுறை வலப்பக்கமும் வாங்கி, வளைந்து வளைந்து முன்னேறும்.

சரக்கேற்றிய பெரிய கப்பல் மாதக்கணக்கில் இப்படி மல்லுக்கட்ட முடியுமா? ஆகவே நம் முன்னோர் தென்மேற்குக் காற்றில் கிழக்கே வந்தார்கள். வடகிழக்குக் காற்று எழும்வரை காத்திருந்து ஊர் திரும்பினார்கள். 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை தாக்கிய கடாரம் இன்றைய கெடாதான். மலாய்க்காரர் 'கப்பால்' என்று சொல்வதும் நம்முடைய கப்பலே.

நம் தாத்தா பாட்டிமாரில் பலரைக் கொண்டுவந்த 'ரஜூலா' 1926இல் கட்டிய நீராவிக் கப்பல். அதற்குக் காற்றின் தயவு தேவைப்படவில்லை. தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களுக்குக் கடல் என்றால் வாந்தியும் கண்ணீரும்தான். அதனால் நாம் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் மட்டுமே என்று நம் பிள்ளைகளும் எண்ணிவிட்டார்கள். அந்தப் பாயையே மரத்தில் விரித்துக் கப்பல் ஓட்டியவர்களும் நம்மவர்கள் என்பதை யார் அவர்களுக்குச் சொன்னார்கள்?

வெகு காலத்துக்கு முந்திய கதையும் அல்ல இது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 89 அடி நீளம். ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கித் தம் நாட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார். தலைவர் வெள்ளைக்காரர், பாயையும் கயிற்றையும் கையாண்டவர்கள் வல்வெட்டித்துறைத் தமிழர்கள். சோழகம், கச்சான், வாடை என்று காற்றுக்குக் காற்று பெயர் சொல்லி வளர்ந்தவர்கள் அவர்கள். சூயஸ் கால்வாயைக் கடந்தபின், அட்லாண்டிக் காற்றின் முன்னே அவர்களும் புதிதாகப் பழகுகிறவர்கள்தாம். 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் பாயை இறக்கினார்கள்.