மரம் செல்லும் வழி: நீர்வேலித் தச்சுக் கொட்டில் ஒன்றின் கதை

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதியில் கோப்பாயைத் தாண்டினால் நீர்வேலி. செம்மண்ணுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் பெயர்பெற்ற ஊர். இரகுவம்சத்தைத் தமிழில் பாடிய அரசகேசரியின் பெயரைத் தாங்கிய பிள்ளையார் கோயிலும், சிவசங்கர பண்டிதரின் புகழும் இவ்வூருக்கு இலக்கிய வரலாற்றில் இடம் தேடித் தந்தவை. பாடியவர் பெயரையும் கற்பித்தவர் பெயரையும் நாம் பேணி வந்திருக்கிறோம். ஆனால் அவர்கள் புழங்கிய வீடுகளின் கதவுகளை இழைத்தவர் யார் என்று கேட்டால் விடை சொல்ல ஆளில்லை. பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளைக் கழித்த நானும் ஒரு தச்சரைப் பற்றி ஒரு பத்திகூட எழுதியவனல்லன். அந்தக் கடனில் ஒரு பகுதியையேனும் இங்கே தீர்க்க முனைகிறேன்.

எங்கள் பூர்வீக வீட்டின் வாசலில் முதிரை மரத்தாலான இரட்டைக் கதவு இருந்தது. 1995 ஒக்டோபர் 17 ஆம் திகதி 'ரிவிரெச' இராணுவ நடவடிக்கை தொடங்கியது. அம்மாத இறுதியில், 30 ஆம் திகதி, வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தது. அடுத்த ஆண்டு எங்கள் வீட்டார் திரும்பியபோது வலக்கதவு மட்டுமே நிலையில் தொங்கியது. மற்றப் பாதியைத் தகரம் கொண்டு அடைத்தார்கள். என் தாயார் இறக்கும்வரை அந்தத் தகரம் அங்கேயே இருந்தது. அதை அகற்றி, பழைய கதவுக்கு இணையான இன்னொன்றைப் பொருத்த வேண்டும் என்பது எனது நெடுநாள் ஆசை.

அயலில் ஒரு தச்சர் இருக்கிறார். ஐம்பது வயதைக் கடந்தவர். எங்கள் கதவைச் செய்தவர் அவருடைய பாட்டனார் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். எஞ்சிய கதவின் சட்ட ஓரத்தில் இரண்டு வளைவுகளும் இடையே ஒரு சிறு படியுமாக ஓர் அலங்காரம் ஓடுகிறது. அந்த ஓரத்துக்கென்றே ஒரு சீவுளி அவர்களிடம் இருந்ததாம். ஒவ்வொரு வளைவுக்கும் தனித்தனிச் சீவுளி வைத்திருப்பது அக்காலத் தச்சர் வழக்கம். இடப்பெயர்வின்போது சைக்கிளில் ஏற்றக்கூடியவற்றை மட்டுமே கொண்டு சென்றார்கள். சீவுளிப் பெட்டி கொட்டிலிலேயே தங்கிவிட்டது. திரும்பியபோது கொட்டிலும் இல்லை, பெட்டியும் இல்லை.

இதில் ஒரு வரலாற்று முரண் உண்டு. உலகின் ஏனைய இடங்களில் கைச்சீவுளிகள் நூதனசாலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், குடாநாட்டில் அவற்றுக்குப் புதுவாழ்வு கிடைத்திருந்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் தென்னிலங்கையிலிருந்து வந்த மின்சாரம் நின்றது. எரிபொருளும் சீமெந்தும் இரும்பும் மின்கலங்களும் தடைப்பட்டியலில் இருந்தன. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட அந்த ஆண்டுகளில் மின்வாளுக்கும் மின்சீவுளிக்கும் இடமேது? பனைகள் பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்டன. "அப்பா அந்த நாளிலை கதவைவிடச் சவப்பெட்டிதான் கூடச் செய்தவர், அண்ணை" என்றார் தச்சர். எல்லாம் கைக்கருவியால் செய்யப்பட்டவை.

இழந்த சீவுளிக்கு ஈடாக இன்று கிடைப்பது ரவுட்டர் என்னும் மின்கருவி. யாழ்ப்பாண நகரக் கடையொன்றில் இதைக் கேட்டபோது, இணைய இணைப்புப் பெட்டி விற்கும் பக்கத்துக் கடையைக் காட்டினார்கள். இதற்கும் நூறாண்டு வரலாறு உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ஆர். எல். கார்ட்டர் என்பவர், முடி வெட்டும் மின்கருவியின் பற்சில்லைக் கூராக்கி மோட்டாரில் பொருத்தி மரத்தின் ஓரத்தைச் செதுக்கினார். 1929 இல் ஸ்டான்லி நிறுவனம் அவரது தொழிலை வாங்கியது. 1949 இல் ஜெர்மனியின் எலு நிறுவனம், மேலிருந்து மரத்துக்குள் இறங்கிக் குடையும் வகையைக் கொண்டுவந்தது. இக்கருவியைத் தலைகீழாக ஒரு மேசையின் அடியில் பொருத்தி, வெட்டும் அலகு மட்டும் மேலே தெரியும்படி வைத்தால் அதுவே ரவுட்டர் மேசை.

கனடாவிலுள்ள மருமகன் ஒன்றை அனுப்பி வைப்பதாகச் சொன்னான். அங்கே மின்னழுத்தம் 120 வோல்ட்டு, இங்கே 230. அதனை நேரே செருகினால் மோட்டார் எரிந்துபோகும். ஆகவே இங்கேயே வாங்குவதென்று முடிவாயிற்று. ஆனால் எந்த மேசையை வாங்குவது?

தச்சரின் இன்றைய கொட்டில் 10 அடி நீளம், 8 அடி அகலம். சகோதரிகளுக்குச் சீதனமாகக் காணி பிரிந்தபின் எஞ்சியது அவ்வளவே. நான் சிறிய மேசைகளின் அளவுகளைக் குறித்துக்கொண்டு போனேன். அவர் சிரித்தார். "அண்ணை, மேசையை அளந்து என்ன பிரயோசனம்? மரம் போற வழியை எல்லோ அளக்க வேணும்."

அவர் விளக்கியபின்தான் எனக்குப் புரிந்தது. சீவுளி வேலையில் மரம் அசையாது, கருவி நகரும். ரவுட்டர் மேசையில் கருவி அசையாது, மரம் நகரும். 6.5 அடிச் சட்டமொன்றை அலகைக் கடந்து செலுத்த வேண்டுமானால் வலப்புறம் 6.5 அடி, இடப்புறம் 6.5 அடி, ஆக 13 அடி வெளி வேண்டும். 10 அடிக் கொட்டிலில் அது எங்கே? மேசையை வாசலுக்கு நேராக வைத்தால் மரத்தின் முனை முற்றத்துக்குப் போய்விடும். பாட்டனார் காலத்து வேலையும் பாதி முற்றத்திலேதானே நடந்தது!

அவர் தேர்ந்தது இரண்டடி அகலமுள்ள, வேலை முடிந்ததும் கழற்றிச் சுவரோரம் சாத்தக்கூடிய மேசை. பாரமான பழைய தச்சு வாங்கின்மீது இறுக்கிவிட்டால் அது அசையாது. மேற்பரப்பு சமமாக இருக்கிறதா, மரத்தை அணைத்துச் செலுத்தும் வேலிச்சட்டம் நேராக நிற்கிறதா என்பவற்றையே அவர் உன்னிப்பாகப் பார்த்தார். வேகத்தைக் குறைக்கக்கூடிய மோட்டார் அவசியம் என்றார். பெரிய அலகை முழு வேகத்தில் சுழற்றுவது ஆபத்து. மேசையில் மரத்தை எப்போதும் வலமிருந்து இடமாக, அலகின் சுழற்சிக்கு எதிராகவே செலுத்த வேண்டும். மாற்றிச் செலுத்தினால் அலகு மரத்தைப் பிடுங்கி எறியும், கையும் கூடப் போகலாம். முதிரை வைரமான மரம். ஒரேயடியாக ஆழமாக வெட்டினால் கருகும். அதன் தூள் தோலில் பட்டால் சிலருக்குச் சொறியும் கொப்புளமும் உண்டாகும். சிறிய கொட்டிலில் கதவைத் திறந்து வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எல்லாம் சரியாக அமைந்தபின்னரும் ஒரு குறை நின்றது. கடைகளில் கிடைக்கும் எந்த அலகும் பாட்டனாரின் அந்த இரட்டை வளைவோடு பொருந்தவில்லை. தச்சர் இரண்டு அலகுகளை மாற்றி மாற்றி, மும்முறை மரத்தைச் செலுத்தி, வளைவை ஏறத்தாழக் கொண்டுவந்தார். பின்னர் பழைய வாள் தகடொன்றை அராவி, எஞ்சியிருந்த கதவின் ஓரத்தில் வைத்து ஒப்புப்பார்த்து, கையாலேயே சுரண்டி முடித்தார். அந்தக் கடைசிப் பகுதிக்கு மட்டும் இரண்டு நாட்கள் பிடித்தன.

இப்போது வாசலில் இரண்டு கதவுகளும் நிற்கின்றன. புதியது நிறத்தில் சற்று வெளிறியிருக்கிறது, காலம் அதை ஆற்றும். கதவின் உட்புறக் கீழ்ச்சட்டத்தில் அவர் பெயரைப் பொறிக்கச் சொன்னேன். வேண்டாமென்று மறுத்துவிட்டார். நீண்ட வற்புறுத்தலின் பின், தன் பெயரை அல்ல, பாட்டனாரின் பெயரின் முதலெழுத்தை மட்டும் உளியால் வெட்டினார்.